கால் நகம் சதைக்குள் வளர்கிறதா? ஓரத்தை வெட்டாதீங்க... எப்போது வீட்டு வைத்தியம், எப்போது டாக்டர்?

கால் கட்டைவிரலின் ஓரத்தில் லேசாக ஒரு குத்தல். ஷூ போட்டால் வலி, கழற்றினால் நிம்மதி. இரண்டு மூன்று நாளில் அந்த இடம் சிவந்து வீங்குகிறது. பொறுக்க முடியாமல் நகவெட்டியையோ பிளேடையோ எடுத்து, நகத்தின் ஓரத்தைத் தோண்டி வெட்டி எடுத்துவிடுகிறோம். அப்பாடா, வலி போச்சு! ஆனால் சில வாரங்களில் அதே இடத்தில் அதே வலி. இந்த முறை சீழும் சேர்ந்து வருகிறது.

இதற்கு மருத்துவத்தில் 'இன்க்ரோன் டோநெயில்' என்று பெயர். நகத்தின் விளிம்பு பக்கவாட்டுச் சதைக்குள் புதைந்து வளர்வதுதான் பிரச்னை. நம் ஊரில் இதையும் சேர்த்து 'நகச்சுத்தி' என்ற ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். பெயர் ஒன்றாக இருப்பதால் வைத்தியமும் ஒன்றாகிவிடுகிறது: எலுமிச்சம்பழம், மஞ்சள், சுண்ணாம்பு, கடைசியில் பிளேடு.

விருதுநகர் மாவட்டத்தில் இதைப் பற்றிப் பேசத் தனிக் காரணம் இருக்கிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரப் பட்டாசு ஆலைகளில் வெறுங்காலோடு வேலை பார்ப்பவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கால் விரலில் ஒரு புண் என்றால் அது வலி மட்டுமல்ல. கூலியும் போகலாம். சில நேரம் உயிர்ப் பாதுகாப்பும் அதில் அடங்கியிருக்கிறது. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் கதை இன்னும் சீரியஸ்.

சரி, இதை எப்படிக் கண்டுபிடிப்பது? எப்போது வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்? எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நகச்சுத்தியா, நகம் உள்ளே வளர்கிறதா?

இரண்டும் நகத்தைச் சுற்றி வீங்குவதுதான். ஆனால் ஆரம்பிக்கும் இடம் வேறு.

நகச்சுத்தி என்பது கிருமித் தொற்று. பெரும்பாலும் கை விரல்களில் வரும். நகம் கடிப்பது, நகத்தோரத் தோலைப் பிய்ப்பது, நாள் முழுக்கத் தண்ணீரில் கை நனைவது போன்றவற்றால் தோலில் சின்னதாக ஒரு வழி திறக்கும். கிருமி அதன் வழியே உள்ளே போகும். ஓரிரு நாளில் விண்விண்ணென்று தெறிக்கும் வலி, சீழ். சீழை வெளியேற்றிவிட்டால் பெரும்பாலும் முடிந்தது.

நகம் உள்ளே வளர்வது இப்படி இல்லை. இது பெரும்பாலும் கால் கட்டைவிரலில்தான் வரும். முதலில் இருப்பது கிருமி அல்ல, அழுத்தம். நகத்தின் விளிம்போ, வெட்டாமல் விட்ட ஒரு கூர்முனையோ முள் போலச் சதையில் குத்திக்கொண்டே இருக்கும். காலில் குத்திய முள்ளை எடுக்காமல் மருந்து மட்டும் தடவினால் எப்படி ஆறும்? அதே கதைதான் இங்கேயும். தொற்று பிறகுதான் வந்து சேர்கிறது.

அடையாளம் காண ஒரு எளிய வழி. விரலின் பக்கவாட்டுச் சதையை மெதுவாக நகத்தை நோக்கி அழுத்திப் பாருங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் சுருக்கென்று குத்தினால், அதுவும் ஷூ போட்டாலோ போர்வை பட்டாலோ வலி கூடினால், நகம் உள்ளே வளர்கிறது என்று சந்தேகப்படலாம்.

ஏன் வருகிறது?

முதல் காரணம், நாம் நகம் வெட்டும் விதம். கை நகத்தை வெட்டுவது போலவே கால் நகத்தையும் வளைத்து, ஓரங்களை ஆழமாக வெட்டிவிடுகிறோம். நகம் இருந்த இடம் காலியானதும் பக்கத்துச் சதை லேசாக அங்கே சரிந்து வருகிறது. மறுபடி வளரும் நகத்துக்கு முன்னேற வழியில்லை. நேராக அந்தச் சதைக்குள்ளேயே முட்டுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் பிளேடு விட்டு வெட்டும்போது ஒரு சிலாம்பு நகம் மிஞ்சிவிட்டால் போதும். அடுத்த சுற்று வலிக்கு அதுதான் விதை.

இதனால்தான் வெட்டிய உடனே வலி குறைந்து, சில வாரம் கழித்துத் திரும்புகிறது. கால் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். கட்டைவிரல் நகம் முழுசாகப் புதிதாக வளர 12 முதல் 18 மாதங்கள் வரை ஆகும். இந்த மெதுவான வளர்ச்சியால், பிரச்னைக்கும் நாம் எப்போதோ வெட்டிய வெட்டுக்கும் உள்ள தொடர்பு நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

மற்ற காரணங்கள்:

முன்பக்கம் குறுகலான ஷூ. இன்டர்வியூவுக்கு வாங்கிய ஃபார்மல் ஷூ, கூர்முனைச் செருப்பு, ஒரு சைஸ் சின்னதான விளையாட்டு ஷூ எல்லாமே விரல்களை நெருக்கிச் சதையை நகத்தின் மேல் தள்ளும்.

வியர்வை. விருதுநகர் வெயிலில் காலை முதல் மாலை வரை ஷூவும் சாக்ஸும் போட்டிருந்தால் சதை ஊறி மிருதுவாகிவிடும். மிருதுவான சதையில் நகம் சுலபமாக இறங்கும்.

அடி. கல் தட்டுவது, விரலில் பொருள் விழுவது, ஃபுட்பால் உதைப்பது.

உடல் அமைப்பு. சிலருக்கு நகமே அதிக வளைவாக இருக்கும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு உண்டு.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கடுமையான முகப்பருவுக்குக் கொடுக்கப்படும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடும் சிலருக்கு நகத்தோரத்தில் இப்படி வீக்கமும் சதை வளர்ச்சியும் வரலாம். நீங்கள் அந்த மாத்திரை எடுப்பவர் என்றால், டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பட்டாசு ஆலைத் தொழிலாளிக்கு ஏன் கூடுதல் கவனம்?

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். வெறுங்காலோடு இருப்பதால் நகம் உள்ளே வளராது. சொல்லப்போனால், விரலை நெருக்கும் ஷூ இல்லாதது நல்லதுதான். பிரச்னை வந்த பிறகுதான் வெறுங்கால் ஆபத்தாகிறது.

உள்ளூர்க்காரர்கள் 'பயர் ஆபீஸ்' என்று சொல்லும் பட்டாசு ஆலைகளில், உராய்வில் தீப்பொறி வந்துவிடக் கூடாது என்பதால் இரும்பு ஆணி அடித்த செருப்புக்கோ ஷூவுக்கோ இடமில்லை. பலர் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அறைக்குள் போகிறார்கள். தரையில் உட்கார்ந்து வேலை. அலுமினியத் தூள், கந்தகம், வெடியுப்பு என்று ரசாயனத் தூள் கைகால் முழுக்க ஒட்டும். விரல் ஓரத்தில் திறந்த புண் இருந்தால் அந்தத் தூசியும் அழுக்கும் நேராக அங்கேதான் போய்ச் சேரும். எரிச்சல் கூடும், ஆறுவது தள்ளிப்போகும்.

இன்னொரு விஷயம், ஓட்டம். பட்டாசு அறையில் ஏதாவது தவறாகத் தெரிந்தால் முதல் பாதுகாப்பு, பக்கத்து வாசல் வழியாக உடனே வெளியே ஓடுவதுதான். தடையின்றி வெளியே ஓட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கதவுகளே வெளிப்பக்கம் திறக்கும்படி வைக்கப்படுகின்றன. கட்டைவிரலை ஊன்ற முடியாமல் நொண்டுகிற ஒருவரால் எவ்வளவு வேகமாக ஓட முடியும்? 'நகம்தானே' என்று விட முடியாததற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது, சீசன். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலை உச்சத்தில் இருக்கும். எண்ணிக்கைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு ஒரு நாள் லீவு என்றால் அந்த நாள் கூலி இல்லை. அதனால் வலியை அடக்கிக்கொண்டு, ராத்திரி பிளேடால் நோண்டிவிட்டு, காலையில் மறுபடி வேலைக்குப் போகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஆரம்பத்தில் அரை நாள் செலவழித்து டாக்டரைப் பார்ப்பதுதான் லாபம். முற்றிய பிறகு போவது பல நாள் கூலி.

அச்சகத்தில் நின்றுகொண்டே மெஷின் ஓட்டுபவர்கள், ராஜபாளையம் நூற்பாலைகளில் ஷிஃப்ட் முழுக்க நடப்பவர்கள், ஆடி மாதம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் பாதயாத்திரை கிளம்புபவர்கள் என எல்லோருக்கும் இது பொருந்தும். விரலில் வலியோடு மணிக்கணக்கில் நிற்கவோ நடக்கவோ தொடங்காதீர்கள்.

எந்த நிலையில் இருக்கிறீர்கள்?

1937-ல் ஹைஃபெட்ஸ் என்ற மருத்துவர் இதை மூன்று நிலைகளாகப் பிரித்தார். டாக்டர்கள் இன்றும் அந்தப் பிரிவைப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் விரலைப் பார்த்து நீங்களே ஓரளவு மதிப்பிடலாம்.

முதல் நிலை: லேசான சிவப்பு, சின்ன வீக்கம், அழுத்தினால் வலி. சீழ் இல்லை.

இரண்டாம் நிலை: வீக்கம் கூடும். நீர் அல்லது சீழ் கசியும், வாடை வரலாம். சாக்ஸில் கறை படியும். தொடவே விடாது.

மூன்றாம் நிலை: நகத்தோரத்தில் சிவப்பாக, ஈரமாக, தொட்டாலே ரத்தம் வரும் புதுச் சதை வளர்ந்து நகத்தின் மேலேயே ஏறியிருக்கும். பக்கவாட்டுச் சதை தடித்துக் கெட்டியாகியிருக்கும்.

முதல் நிலையில் வீட்டிலேயே முயன்று பார்க்கலாம். இரண்டாம் நிலையில் டாக்டரைப் பாருங்கள். மூன்றாம் நிலையில் தண்ணீரில் ஊறவைப்பதால் மட்டும் சரியாவது கஷ்டம், பெரும்பாலும் சின்ன அறுவை சிகிச்சை தேவைப்படும்.

முதல் நிலையில் வீட்டில் என்ன பண்ணலாம்?

இது சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு, காலில் ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் நன்றாக இருப்பவர்களுக்கு மட்டும்.

1. வெதுவெதுப்பான தண்ணீரில் காலை 10 முதல் 20 நிமிடம் வரை ஊறவையுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. ஒரு ஸ்பூன் கல்லுப்பு போடலாம், கட்டாயமில்லை. சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலை வையுங்கள்.

2. ஊறிய பிறகு சுத்தமான துணியால் விரல் இடுக்கு வரை ஒற்றித் துடையுங்கள். ஈரத்தோடு ஷூ போடாதீர்கள்.

3. சதை மிருதுவாக இருக்கும்போதே, வீங்கிய ஓரத்தை விரல் நுனியால் நகத்திலிருந்து மெதுவாக விலக்குங்கள். வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

4. சுத்தமான பஞ்சைச் சின்னத் திரியாக உருட்டி, நகத்தின் முனை ஓரத்துக்கு அடியில் லேசாக வையுங்கள். நகம் சதைக்கு மேலே ஏறி வளர இது வழி காட்டும். தினமும் மாற்ற வேண்டும். உள்ளே போக மறுத்தால் திணிக்காதீர்கள்.

5. இன்னொரு வழி பிளாஸ்டர். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஒட்டும் பிளாஸ்டரின் ஒரு நுனியை நகத்தை ஒட்டிய சதையில் ஒட்டி, சதையை நகத்திலிருந்து விலகும்படி இழுத்து, விரலின் அடிப்பக்கமாகச் சுற்றி ஒட்டுங்கள். விரலைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிடக் கூடாது. விரல் நீலம் பாரித்தாலோ மரத்தாலோ உடனே எடுத்துவிடுங்கள்.

6. விரலை அழுத்தாத திறந்த செருப்பு போடுங்கள். ஆபீஸில் ஷூ கட்டாயம் என்றால், முன்பக்கம் அகலமான ஷூவாகப் பாருங்கள்.

7. வலிக்கு, உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்றால் பாராசிட்டமால் போதும்.

நான்கைந்து நாளில் வலி குறைய ஆரம்பிக்க வேண்டும். குறையவில்லை, அல்லது கூடுகிறது என்றால் வீட்டு வைத்தியத்தை அத்தோடு நிறுத்துங்கள்.

பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. புண்ணை மூடும் கட்டு பருத்தித் துணியாக இருக்கட்டும். ஸ்பிரிட் போன்ற எளிதில் தீப்பிடிக்கும் திரவத்தால் துடைத்திருந்தால், அது நன்றாகக் காய்ந்த பிறகே வேலைக்குப் போங்கள். வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் காலைக் கழுவித் துடைத்து, கட்டைப் புதிதாக மாற்றுங்கள். நொண்டும் அளவுக்கு வலி இருந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், மறைக்காதீர்கள்.

இதெல்லாம் செய்யாதீங்க

எலுமிச்சம்பழத்தைத் துளையிட்டு விரலில் சொருகுவது: தலைமுறை தலைமுறையாக வரும் வைத்தியம். குளிர்ச்சியாக இருப்பதால் கொஞ்ச நேரம் இதமாகத் தெரியலாம். ஆனால் சதைக்குள் குத்தியிருக்கும் நக விளிம்பை எலுமிச்சை எடுத்துவிடாது. திறந்த புண்ணில் புளிப்புச் சாறு எரிச்சலைத்தான் தரும். மணிக்கணக்கில் ஈரத்தில் ஊறும் சதை இன்னும் மிருதுவாகிவிடும்.

சுண்ணாம்பு: இது தோலைப் பொசுக்கும் காரம். புண்ணில் வைத்தால் நகப் பிரச்னையோடு தீப்புண்ணும் சேரும்.

பினாயில்: 'டாக்டர் ஃபீனால் வைத்தார்' என்று கேள்விப்பட்டுத் தரை துடைக்கும் பினாயிலை யாராவது நினைத்துவிட வேண்டாம். டாக்டர் பயன்படுத்துவது வேறு, முறை வேறு.

பிளேடு, ஊக்கு, பின்: வலி வந்த ஓரத்தைத் தோண்டுவதுதான் இந்த நோயை வளர்க்கும் முதல் எதிரி. இந்தக் கட்டுரையில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக்: தொற்று பரவியிருந்தால் டாக்டர் எழுதிக் கொடுப்பார். ஆனால் நகம் உள்ளேயே இருக்கும்வரை மாத்திரை மட்டும் இதைக் குணமாக்காது. மாத்திரை முடிந்ததும் சீழ் திரும்பும்.

டாக்டர் என்ன செய்வார்? 'நகத்தைப் பிடுங்கிடுவாங்களா?'

பலரை ஆஸ்பத்திரி பக்கமே போகவிடாமல் தடுப்பது இந்தப் பயம்தான். முழு நகத்தையும் பிடுங்குவது இன்று பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை.

முதலில் விரலின் அடியில் இரண்டு பக்கமும் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அந்த ஊசி வலிக்கும், மறைப்பதற்கில்லை. பிறகு விரலில் வலி தெரியாது. சதைக்குள் புதைந்திருக்கும் ஓரத்தில் மட்டும், நகத்தின் நீளவாக்கில் ஒரு மெல்லிய கீற்றை வெட்டி வேரோடு எடுப்பார்கள். மீதி நகம் அப்படியே இருக்கும். வளர்ந்த புதுச் சதையையும் நீக்குவார்கள். மொத்தமும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் சின்ன ஆபரேஷன். அன்றே வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் இவ்வளவோடு விட்டால் எடுத்த கீற்று மறுபடி வளரும், மறுபடி குத்தலாம். நகம் உற்பத்தியாகும் இடம் தோலுக்கு அடியில், நகத்தின் வேர்ப் பகுதியில் இருக்கிறது. அந்த ஓரத்தில் மட்டும் உற்பத்தியை நிறுத்த வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, அந்தத் திசுவைக் கத்தியால் வெட்டி எடுப்பது. 1929-ல் வினோகிராட் விவரித்த முறை இந்த வகை. இன்னொன்று, ஃபீனால் என்ற ரசாயனத்தை அந்த இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் வைத்துச் செயலிழக்கச் செய்வது. 1945-ல் போல் என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். பழைய பெயர் கார்பாலிக் அமிலம்.

இந்தச் சிகிச்சைகளை ஒப்பிட்ட ஆய்வுகளை எல்லாம் சேர்த்து, காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு 2012-ல் ஓர் அலசலை வெளியிட்டது. திரும்ப வராமல் தடுப்பதில் அறுவை சிகிச்சை முறைகள் மற்றவற்றைவிட மேல், ஓரத்தை எடுப்பதோடு ஃபீனாலும் சேர்த்தால் திரும்ப வருவது குறைகிறது என்பது அதன் முடிவு.

ஆகவே டாக்டரிடம் நீங்கள் தைரியமாகக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. முழு நகமா, ஓரம் மட்டுமா? அந்த ஓரம் திரும்ப வளராமல் இருக்க என்ன செய்வீர்கள்? நான் எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்? முழு நகத்தையும் எடுத்துவிட்டு வேரை விட்டுவிட்டால், புதிய நகம் வளரும்போது பிரச்னையும் சேர்ந்து வளர வாய்ப்பு அதிகம்.

கர்ப்பமாக இருந்தால், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால், ஏதாவது மருந்து அலர்ஜி என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். கடைசியாக எப்போது டிடி ஊசி போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு?

முதல் நாள் காலை உயர்த்தி வைத்து ஓய்வெடுங்கள். வீட்டுக்குப் போக யாரையாவது கூட அழைத்துச் செல்லுங்கள், உடனே பைக் ஓட்ட வேண்டாம். எப்போது கட்டு மாற்றுவது, எப்போது கழுவுவது என்று சொல்லி அனுப்புவார்கள். அதை அப்படியே பின்பற்றுங்கள்.

ஃபீனால் வைத்திருந்தால் சில வாரங்களுக்கு லேசாக நீர் கசியும். அதைப் பார்த்துச் சீழ் என்று பயந்துவிட வேண்டாம். ஆனால் வலி குறையாமல் கூடிக்கொண்டே போவது, சிவப்பு பரவுவது, காய்ச்சல் இவை இருந்தால் உடனே திரும்பிப் போய்க் காட்டுங்கள்.

உட்கார்ந்து பார்க்கும் ஆபீஸ் வேலைக்குச் சில நாட்களிலேயே திரும்பலாம். தூசியில், வெறுங்காலில் வேலை என்றால் புண் மூடும்வரை வேறு வேலை கேட்பது நல்லது. டாக்டரிடம் உங்கள் வேலை என்ன என்பதை விளக்கிச் சொன்னால்தான் அவரால் சரியான நாள் கணக்கைச் சொல்ல முடியும். சிவகாசிப் பக்கம் 'மருந்து' என்றால் பட்டாசு மருந்தையும் குறிக்கும். ஆகவே 'மருந்து வேலை' என்று மட்டும் சொல்லாமல், எந்த அறையில், எந்தத் தூளோடு, வெறுங்காலிலா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சர்க்கரை நோய் இருந்தால் விதியே வேறு

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். நம் வீட்டிலேயே ஒருவராவது இருப்பார்.

நாள்பட்ட சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறையலாம். நகம் சதைக்குள் குத்தினாலும் வலி தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது. கிருமி எலும்பு வரை போகலாம், விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். மற்றவர்களுக்கு வலிதான் எச்சரிக்கை மணி. இவர்களுக்கு அந்த மணி அடிப்பதே இல்லை.

அதனால் சர்க்கரை நோயாளிகளுக்கு முதல் நிலை வீட்டு வைத்தியம் கிடையாது. வெந்நீரில் காலை வைப்பதுகூட ஆபத்து, சுடுவது தெரியாமல் கொப்பளித்துவிடும். சிவப்பைப் பார்த்த அன்றே அல்லது மறுநாளே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அப்பா அம்மாவுக்கு நீங்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு எளிய சோதனை உண்டு. இங்கிலாந்தில் உருவான இதற்கு 'இப்ஸ்விச் தொடு பரிசோதனை' என்று பெயர். எந்தக் கருவியும் வேண்டாம். அவர்களைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால், இரண்டு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒன்றிரண்டு விநாடி மட்டும் மெதுவாகத் தொடுங்கள். அழுத்தவோ தடவவோ கூடாது. தொடுவது தெரிந்தால் 'ம்' சொல்லச் சொல்லுங்கள். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காக்கத் தமிழக அரசு 'பாதம் பாதுகாப்போம்' என்ற திட்டத்தையும் நடத்துகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும்போது, 'காலையும் பாருங்க' என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

எங்கே போகலாம்? லீவு எடுத்தால் கூலி?

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். ஆபரேஷன் தேவை என்றால் சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைப் பிரிவைக் கேளுங்கள். விருதுநகரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. பொது அறுவை சிகிச்சை நிபுணரோ தோல் நோய் நிபுணரோ இதைப் பார்ப்பார்கள்.

இஎஸ்ஐ கார்டு உள்ள தொழிலாளர்களுக்குச் சிவகாசியில் இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இஎஸ்ஐ வரம்புக்குள் வருவார்கள். சிகிச்சை மட்டுமல்ல, டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்தால் நோய்க்கால உதவித்தொகையும் உண்டு: சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை. முதல் இரண்டு நாட்களுக்குப் பொதுவாகக் கிடைக்காது.

இதற்கு ஒரு நிபந்தனை. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குப் பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான கணக்கு, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையிலான உதவிக்குப் பொருந்தும். அக்டோபர் முதல் மார்ச் வரையிலான கணக்கு, அடுத்து வரும் ஜூலை முதல் டிசம்பர் வரை. சீசன் வேலை பார்ப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. உங்கள் பெயரில் இஎஸ்ஐ கட்டப்படுகிறதா என்பதையே பலர் கேட்டதில்லை. வீட்டில் ஆலைக்குப் போகிறவர் யாராவது இருந்தால், போனில் பார்த்துச் சொல்ல உங்களால் முடியும்.

நகப் பிரச்னை எல்லாமே இதுதானா?

இல்லை. நகம் மஞ்சளாகி, தடித்து, பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அடிபட்ட உடனே நகத்தடியில் கறுத்தால் அது ரத்தக்கட்டு, நகம் வளர வளர அதுவும் முன்னால் நகர்ந்து மறையும்.

அடியே படாமல் ஒரு கறுப்புக் கோடோ புள்ளியோ தோன்றி, அகலமாகிக்கொண்டே போனாலோ, நகத்தோரத் தோலுக்கும் பரவினாலோ அலட்சியம் கூடாது. அரிதாக அது மெலனோமா என்ற தோல் புற்றுநோயாக இருக்கலாம். பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் இந்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது கால் கட்டைவிரல் நகத்தின் அடியில்தான். 1981-ல், 36 வயதில் அவர் இறந்தார். பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆறாத நகப் புண்ணை ஒருமுறையாவது டாக்டர் கண்ணில் காட்டுங்கள் என்பதற்காகத்தான்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்: காய்ச்சல், விரலிலிருந்து காலின் மேல்நோக்கி ஏறும் சிவப்புக் கோடு, பாதம் முழுக்க வீக்கம், விரல் கறுப்பது, தொடையிடுக்கில் நெறி கட்டுவது.

மறுபடி வராமல் இருக்க, நகத்தை எப்படி வெட்டுவது?

குளித்த பிறகு வெட்டுங்கள், நகம் மிருதுவாக இருக்கும். பிளேடு வேண்டாம், கால் நகத்துக்கென்று கொஞ்சம் பெரிய நகவெட்டி வாங்குங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நகவெட்டி என்றால் ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்துப் பயன்படுத்துங்கள்.

நேராக வெட்டுங்கள், வளைக்காதீர்கள். இரண்டு மூலைகளும் சதைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். விரல் நுனிக்குச் சமமாக விட்டால் போதும், ஒட்ட வெட்ட வேண்டாம். மூலை கூர்மையாக இருந்தால் அரத்தால் லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

புது ஷூவைச் சாயங்காலம் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் உப்பியிருக்கும்போது சரியாக இருக்கும் ஷூதான் எப்போதும் சரியாக இருக்கும். தினமும் பருத்தி சாக்ஸ் மாற்றுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நகம் வெட்டும்போது உங்கள் கட்டைவிரலின் இரண்டு ஓரங்களையும் ஒரு நிமிடம் பாருங்கள். அப்படியே அப்பா, அம்மா காலையும் பார்த்துவிடுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், 'நகம்தானே' என்று விட்டிருப்பார்கள்.